இருநூற்றுப் பதினொரு வீடுகளுக்கு ஒரே எண்

ஜூலை 3, திங்கள்

ரத்த அழுத்தம் நூற்று ஐம்பத்தெட்டுக்கு நூறு. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "யாரையாவது திட்டணும்னு தோணுச்சுன்னா ஒரு நோட்டுல எழுதிருங்க, வாயால திட்டாதீங்க" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் திட்டத் தோன்றுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் ஒரு நோட்டு போதும் என்று சொல்லியிருக்க மாட்டார்.

நோட்டு என்றால் முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். சண்முகக்கனி. வயது நாற்பத்தொன்று. வைரம் பிராட்பேண்ட் என்ற கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக நெட்வொர்க்கைக் கட்டி மேய்க்கிறேன். ஊரில் வாங்கியிருக்கும் பெயர், வாயாடி.

இன்று திட்ட வேண்டியவர் அண்ணாச்சி. அண்ணாச்சி என்றால் முதலாளி தங்கமாரியப்பன். கேபிள் டி.வி. நடத்தி அதிலிருந்து இதற்கு வந்தவர். புதிதாகக் கட்டிய குடியிருப்பிலிருந்து அறுபது இணைப்பு கேட்டு வந்தார்கள். "சேத்து விட்ருத்தா" என்று என்னிடம் தள்ளிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். எதில் சேர்க்க? என் தலையிலா?

இணையத்துக்கு வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் வேண்டும். பழைய முறை எண்கள் உலகம் முழுவதும் எப்போதோ தீர்ந்துவிட்டன. எங்கள் கம்பெனியிடம் இருப்பது இருநூற்று ஐம்பத்தாறு. அதில் பெரும்பகுதியை மில்லுகளும் கல்லூரியும் தீப்பெட்டி ஆபீசுகளும் தங்களுக்கே தங்களுக்கென்று வைத்திருக்கின்றன. மீதி முப்பது. வீடுகள் ஆறாயிரத்துச் சொச்சம். ஆகவே ஒரே எண்ணை இருநூறு வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே வாசல் வைத்த காம்பவுண்டுக்குள் இருநூறு குடித்தனம் மாதிரி. உள்ளே யார் வீட்டில் என்ன நடந்தாலும் தெருவில் நிற்பவனுக்கு அந்த ஒரு வாசல்தான் தெரியும்.

புதிய முறை எண்கள் வந்து வருடங்கள் ஆயிற்று. அவை தீரவே தீராது. வீட்டுக்கு ஒன்று என்ன, வீட்டிலுள்ள மின்விசிறிக்குக்கூட ஒன்று கொடுக்கலாம். மாறுவோம் மாறுவோம் என்று இரண்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். "ஓடுற வண்டிய எதுக்குத்தா நிறுத்திப் பிரிக்கணுங்கிற?" என்பார் அண்ணாச்சி. வண்டி ஓடவில்லை. உருளுகிறது.

ஜூலை 5, புதன்

பரமகுரு. மூன்று முறை கூப்பிட்டார். மில்லில் ஃபிட்டர். அவருடைய சத்தத்துக்கு ஃபோனே தேவையில்லை, மில் வாசலில் நின்று பேசினாலே எனக்குக் கேட்கும்.

"ஏம்மா, வீட்ல கேமரா மாட்டி எட்டு நாளாச்சு. மில்லுல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியல. கடைக்காரன் தனி நம்பர் வேணுங்கிறான். ஒரு நம்பர் குடுக்க ஒனக்கு என்ன கேடு?"

"சார், வீட்டு இணைப்புக்குத் தனி நம்பர் இல்ல. தீந்துபோச்சு."

"நம்பர் எப்பிடிம்மா தீரும்? அது என்ன ரேஷன் சீனியா? நீ படிச்சுத்தான் வேலைக்கு வந்தியா, இல்ல பக்கத்துல இருந்தவளப் பாத்து எழுதிட்டு வந்தியா?"

அவர் வாங்கியிருப்பது மட்டமான கேமரா. நாள் முழுக்கப் படத்தை எங்கோ யாருக்கோ அனுப்பிக்கொண்டே இருக்கிறது, சொந்தக்காரருக்கு மட்டும் காட்டாது. வெளியிலிருந்து நேரே வந்து கதவைத் தட்டினால்தான் திறக்கும். இருநூறு குடித்தனத்தில் எந்தக் கதவு என்று எப்படித் தட்டுவது? இதைச் சொல்லப் போனால், "கத விடாத" என்கிறார்.

வீட்டில் யாரோ நோயாளியாம். எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறார்கள்.

ஜூலை 8, சனி

பரமகுரு நான்கு முறை. வங்கிப் பக்கம் திறக்கவில்லை என்று இன்னும் பதினேழு பேர். ஒரே எண்ணிலிருந்து இருநூறு வீடும் போய் நின்றால் வங்கிக்காரன் எந்திரம் என்று நினைத்துக்கொண்டு, சைக்கிள் இருக்கும் படத்தைத் தொடு, பஸ் இருக்கும் படத்தைத் தொடு என்று பரீட்சை வைக்கிறான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "நான் மனுசன்தான்னு எத்தன வாட்டிம்மா நிரூபிக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை, அண்ணாச்சியிடம் இருக்கிறது.

ஜூலை 11, செவ்வாய்

பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். அதனால் எழுத்து இப்படி இருக்கிறது.

பரமகுரு டெலிகாம் மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கிறார். கம்பெனியின் மீது எழுதியிருந்தால் நானே தபால் தலை ஒட்டிக் கொடுத்திருப்பேன். என் பெயரை எழுதியிருக்கிறார். "சண்முகக்கனி என்னும் ஊழியர் வாடிக்கையாளரிடம் மரியாதையின்றிப் பேசுகிறார், பொய்க் காரணம் கூறுகிறார், தொழில் அறிவு இல்லாதவர்."

தொழில் அறிவு இல்லாதவர்!

அண்ணாச்சி பரமகுருவைக் கூப்பிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். பில் போடும் பெண்கள், வயர்மேன்கள், சந்தா கட்ட வந்திருந்த இரண்டு பேர், அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேள் என்றார். "ஒரு வார்த்த சொல்லிருத்தா, முடிஞ்சுபோகும்." சொன்னேன். "மன்னிச்சுக்கங்க சார்." அந்தப் பக்கம் பரமகுரு, "மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய, எனக்குக் கேமரா தெரியணும்" என்றார். யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடம். இந்த ஊரில் எந்தத் தெருவில் எந்தப் போஸ்டில் எந்த ஃபைபர் இழை போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவர் சாகும்வரை அவருக்குத் தனி எண் கிடைக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எழுதியும் வைக்கிறேன், டாக்டரம்மா சொன்னபடி.

ஜூலை 13, வியாழன்

காலையில் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. பெரிய பள்ளிக்கூடத்துக்கு ராத்திரியே மெயில் வந்திருக்கிறது, வகுப்பறையில் குண்டு இருக்கிறது என்று. பிள்ளைகளை எல்லாம் வெயிலில் மைதானத்தில் உட்கார வைத்து, நாய் வந்து மோந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று மத்தியானம் அனுப்பினார்கள். மயங்கி விழுந்த பிள்ளைகள் ஒன்பது. அனுப்பியவன் கையில் புற்று வைக்க.

பரமகுரு இரண்டு முறை.

ஜூலை 17, திங்கள்

எஸ்.ஐ. வந்தார். கையில் ஒரு தாள். அதில் எங்கள் எண்களில் ஒன்று, பன்னிரண்டாம் தேதி, நேரம் இரவு பத்து நாற்பத்திரண்டு. குண்டு மெயில் அந்த எண்ணிலிருந்து போயிருக்கிறது. யார் வீடு?

ஒரு வீடு இல்லை சார், அந்த எண்ணுக்குப் பின்னால் அந்த நிமிடத்தில் இருநூற்றுப் பதினொரு வீடுகள் இருந்தன என்றேன். எந்த வீடு எந்த நொடியில் எங்கே போனது என்று எழுதி வைக்கிற டிஸ்க் மே மாதமே நிரம்பி நின்றுபோய்விட்டது. வேறு வாங்குங்கள் என்று அண்ணாச்சிக்கு மூன்று மெயில் போட்டேன்.

"எரநூறு பேரையும் ஜீப்புல ஏத்த முடியுமாம்மா? கம்ப்யூட்டர்ல இல்லாதது என்ன இருக்கு? ஒரு பேரு குடுங்க, நான் போயிட்டே இருக்கேன்" என்றார்.

"குடுத்து அனுப்புத்தா. லைசென்ஸுல கைய வச்சுட்டான்னா நாம தெருவுலதான் நிக்கணும்" என்று அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

அப்படிக் கொடுக்க முடியாது என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அந்த நிமிடத்தில் யார் அதிகம் பயன்படுத்தினார்கள் என்ற வரிசையில் பட்டியலை அடுக்கினேன். பெயர் வந்தது. எழுதிக் கொடுத்தேன். மிஷின் கொடுத்த பெயர். யார் என்று இங்கே எழுதி வைக்க அவசியம் இல்லை.

மத்தியானம் தயிர்ச்சோறும் மோர் மிளகாயும். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 18, செவ்வாய்

இன்று பரமகுருவிடமிருந்து ஃபோன் இல்லை. காது இரண்டும் குளிர்ந்து கிடக்கின்றன.

ஜூலை 19, புதன்

எங்கள் வயர்மேன் பவுல்ராஜண்ணன் ஏணியை இறக்கி வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"கனிம்மா, அந்தக் கேமராக்காரரு இருக்காருல்ல, பரமகுரு. நேத்துக் காலைல மில்லு கேட்டுல வச்சே போலீஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாக. குண்டு மெயில் போட்டது அவருதானாம். இப்பத்தான் மத்தியானம் விட்ருக்காக."

"சரி" என்றேன்.

"சரியா? கேளும்மா. அவுக சம்சாரம் பக்கவாதத்துல படுத்த படுக்க. இவரு காலைல கஞ்சிய ஊட்டிட்டு, வெளிய பூட்டிட்டு ஷிப்டுக்குப் போவாரு. மூணு மணிக்கு வந்து தொறப்பாரு. நேத்து சாவி அவரு பையில. ஃபோனையும் வாங்கி வச்சுக்கிட்டாக. வீட்ல ஆளு கெடக்குன்னு இவரு கத்துனதுக்கு, நடிக்காதேன்னுட்டாகளாம். சாயங்காலம் அனத்துற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்ல பூட்ட ஒடச்சுருக்காக. கட்டில்ல இருந்து விழுந்து மோத்திரத்துல கெடந்துருக்கு அந்தம்மா. மேல பூரா எறும்பு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த எஸ்.ஐ.மேல் கோபம். பெயர் கேட்டால் விசாரிக்க வேண்டும், பிடித்து உட்கார வைக்கச் சொன்னது யார்? அண்ணாச்சிமேல் கோபம், ஒரு டிஸ்க் வாங்க வக்கில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்மேல் கோபம், இத்தனை வருடம் அண்டையில் இருந்துகொண்டு ஒரு மாற்றுச் சாவி வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியாதா? பரமகுருமேலும் கோபம். நோயாளி என்றால் நோயாளி. பக்கவாதம் என்று சொல்ல வேண்டாமா? சொல்லியிருக்கலாம். அவர் பேசும்போது நான் ஃபோனைக் காதிலிருந்து எட்டப் பிடித்திருப்பேன்.

ஜூலை 21, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அம்மன் கோயிலுக்குச் சீரியல் பல்பு வளைவு கட்டுகிறோம் என்று விழாக்காரர்கள் சவுக்குக் கம்பை நிமிர்த்தியதில், நான்கு தெரு ஃபைபரும் அறுந்தது. பவுல்ராஜண்ணன் ஏணியில் நின்று இழை இழையாக ஒட்டினார். நான் கீழே நின்று மீட்டரைப் பார்த்துச் சொன்னேன். ஒலிபெருக்கி காதுக்குள் புகுந்து கொட்டியது. கூழ் கொடுத்தார்கள், குடித்தேன்.

அண்ணாச்சி சாயங்காலம் கூப்பிட்டார். முகம் செத்துக் கிடந்தது. "கனி, அந்தப் புது நம்பர் சொன்னியே, அத எத்தன நாள்ல போடுவ? இனிமே போலீஸு வந்தா இந்த வீடுன்னு சொல்லணும். எரநூறு முந்நூறெல்லாம் வேணாம்த்தா."

இரண்டு வருடமாகக் கேட்டது. கிடைத்துவிட்டது. இதற்கு அந்த அம்மா தரையில் கிடக்க வேண்டியிருந்திருக்கிறது. அண்ணாச்சியின் மூஞ்சியில் அப்படியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பத்து நாள்" என்றேன்.

ஜூலை 23, ஞாயிறு

ஞாயிறு மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு ஊர் தூங்கும். அந்த நேரம் பார்த்து வடக்குப் பகுதியை மாற்றினேன். பழைய வெள்ளை மோடம்கள் புதிய எண்ணைக் கண்டதும் திருதிருவென்று விழிக்கின்றன, அவற்றை எல்லாம் மாற்ற வேண்டும். மற்றவற்றில் ஒன்றொன்றாக எண் ஏறியது. நீள நீளமாக, எழுத்தும் இலக்கமும் கலந்து. எண்ணூற்று நாற்பது வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். ஒரு வீட்டின் வேலை இன்னொரு வீட்டின் கணக்கில் ஏறாது.

அண்ணாச்சி காராச்சேவு வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன். மிச்சத்தைக் காகிதத்தோடு மடித்து மேஜை இழுப்பறையில் போட்டேன்.

ஜூலை 24, திங்கள்

பரமகுரு கூப்பிட்டார். எண்ணைப் பார்த்ததும் ஃபோனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன். சத்தமே வரவில்லை. காதில் வைத்தேன்.

"மேடம், வணக்கம் மேடம். நம்ம கனெக்சன எடுத்துக்கிருங்க மேடம்."

"ஏன் சார்?"

"வேணாம் மேடம். கேமராவும் கழட்டிட்டேன்." குரலை இன்னும் இறக்கினார். "மேடம், ஒண்ணு கேக்கலாமா? நான் ஏதாச்சும் பாக்கக் கூடாதத அமுக்கிட்டனா? எம்பேரு எப்பிடி மேடம் வந்துச்சு?"

"மிஷின் குடுத்தது சார்" என்றேன்.

"சரி மேடம். மிஷினு குடுத்தா நீங்க என்ன செய்வீங்க."

மேடம், மேடம், மேடம். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மேடம். பல்லை நறநறவென்று கடித்தேன். திட்டித் தொலைய வேண்டியதுதானே! கத்தக் கத்தக் கேட்டுப் பழகிய தொண்டையை யார் இப்படி அமுக்கி வைத்தார்கள்?

ஜூலை 26, புதன்

ஆபீசுக்கு வந்துவிட்டார். முதல் முறையாக நேரில் பார்க்கிறேன். அந்தச் சத்தத்துக்குரிய ஆள் பெரிய ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியான, சட்டைக் காலர் தேய்ந்த மனிதர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

மில்லில் உள்ளே விடமாட்டேன் என்கிறார்களாம். ஸ்டேஷனிலிருந்து உன் பெயரை அடித்துவிட்டார்கள் என்று தாள் கொண்டுவந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். மாதம் முடிவதற்குள் என்றவர்களிடம் கெஞ்சி ஒரு வாரம் கூட்டி வாங்கியிருக்கிறார். ஸ்டேஷனில் கேட்டால், கம்பெனியில் போய்க் கேள் என்கிறார்களாம்.

தெருவில் யாரும் அவர் வீட்டுக்குப் பிள்ளைகளை விடுவதில்லை என்று பவுல்ராஜண்ணன் சொன்னார்.

அண்ணாச்சி உடனே லெட்டர்ஹெட்டில் அடிக்கச் சொன்னார். "இயந்திரக் கோளாறு காரணமாகத் தவறான பெயர் வழங்கப்பட்டிருக்கலாம்." நான்தான் தட்டச்சு செய்தேன். பரமகுரு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து இட்லிக்கு அரைத்தேன். உப்புப் போட மறந்து, என் வீட்டுக்காரரிடம் ஏன் ஞாபகப்படுத்தவில்லை என்று சண்டை போட்டேன். "நீ மாவாட்டுறது எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. நான் சொல்லவில்லை.

ஜூலை 28, வெள்ளி

லெட்டர் செல்லாதாம். எஸ்.ஐ. ஃபோனில் சொன்னார். "இருக்கலாம்னு எழுதியிருக்கீங்க. மிஷின் கோளாறுன்னா இவரு இல்லைன்னு ஆயிருமா? இவராவும் இருக்கலாம்ல? எரநூறுல இந்தப் பேர எதவச்சுப் பிடிச்சீங்கன்னு, பிடிச்சவுங்க கையால எழுதிக் குடுங்க. ஒண்ணுமே இல்லாமப் பிடிச்சோம்னா, அதையும் எழுதிக் குடுங்க. அடிச்சு விட்டுர்றேன். மில்லுக்கும் தாள் குடுத்துர்றேன்."

எதை வைத்துப் பிடித்தீர்கள்.

சரி. இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. அதிகம் பயன்படுத்தியவர் வரிசையில் முதல் பெயர் ஒரு டாக்டர். இரண்டாவது அண்ணாச்சியின் மச்சான். மூன்றாவது பரமகுரு, அந்தக் கேமரா ஓயாமல் எதையோ அனுப்பிக்கொண்டிருந்ததால். டாக்டர் அப்படிச் செய்வாரா? மாட்டார். மச்சானைக் கொடுக்க முடியுமா? முடியாது. ஆகவே மூன்றாவது. யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள்.

நான்கு வரி மெயில் அனுப்ப இணையத்தில் ஒரு துளிகூடச் செலவாகாது. அதிகம் பயன்படுத்தியவர் என்று அடுக்கியதே அபத்தம். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தொழில் அறிவு இல்லாதவளா நான்?

ஜூலை 30, ஞாயிறு

தெற்குப் பகுதியும் முடிந்தது. பரமகுருவின் தெருவும் அதில்தான். அவருடைய இணைப்பை மட்டும் துண்டித்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

நூற்று அறுபத்தாறுக்கு நூற்றுநான்கு. "எழுதுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். எழுதுகிறேன் என்றேன். பொய்தான். ஒரு மாதமாக எல்லாரையும் பற்றி எழுதியிருக்கிறேன், எழுத வேண்டியவளைப் பற்றி எழுதவில்லை.

பெயர் தெரிந்தேதான் போட்டேன். மிஷின் இருநூற்றுப் பதினொரு பெயர் கொடுத்தது. அதில் ஒன்றை எடுத்தது என் கை. மூன்றாவது வரியில் அவர் பெயரைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினோராம் தேதி ஸ்பீக்கர் முன்னால் மன்னிப்புக் கேட்டபோது ஆபீசில் சிரிப்புச் சத்தம் கேட்டதே, அது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் அலையட்டும், ஸ்டேஷனில் போய் இந்த வாயைக் காட்டட்டும் என்று நினைத்தேன். அரை நாள் அலைவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அவ்வளவு நினைத்தேன்.

அண்ணாச்சியிடம் போய் நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரத் தாண்டி ஒங்கை கீழ போனத நான் பாத்துக்கிட்டுத்தான்த்தா நின்னேன். மச்சான் பேரு போகலையேன்னு கம்முன்னு இருந்துட்டேன்."

"அப்ப நீங்களும் கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி."

"நான் போட மாட்டேன்" என்றார். கொஞ்சங்கூட வெட்கப்படாமல் சொன்னார். "நாப்பது குடும்பம் இதுல சாப்பிடுது. நீ எழுதுனா, நீயா எழுதுனது. அப்பறம் ஒன்னைய இங்க வச்சுக்கவும் முடியாது. யோசிச்சுக்க."

நாற்பது குடும்பத்தைப் பேசுகிறார். தன் ஒரு மச்சானைப் பேசவில்லை. மேஜையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பில் போடும் பெண்கள் எழுந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். என் கையெழுத்தில் ஒரு பக்கம். அதோடு இருநூற்றுப் பதினொரு பெயர்ப் பட்டியல். எஸ்.ஐ. பட்டியலைத்தான் முதலில் பார்த்தார்.

"இத்தன பேருல யாரும்மா அனுப்புனது?"

"தெரியாது சார். கண்டுபிடிக்கவும் வழி இல்ல. நூத்திநாப்பதாவது பேரு எங்க வீடு."

தலையை நிமிர்த்திப் பார்த்தார். "பின்ன ஏன் இவரு பேரக் குடுத்தீங்க?"

"கடைசி வரில எழுதியிருக்கேன் சார்."

கடைசி வரியை நான்கு முறை அடித்து எழுதி, ஐந்தாவது முறை இப்படி வைத்திருந்தேன்: "திரு. பரமகுரு என்னைப் பற்றிப் புகார் செய்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அவர் பெயரைக் கொடுத்ததற்கு இதைத் தவிர எந்தக் காரணமும் இல்லை."

இரண்டு தரம் படித்தார். "இதுக்கு உங்க மேல கேஸ் போடலாம், தெரியுமா?"

"போடுங்க சார். அன்னைக்கு ஒரு பேரு போதும்னு நீங்க கேட்டதையும் நடுவுல எழுதியிருக்கேன்."

"உக்காருங்க" என்றார். பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்தரைக்கு உட்கார்ந்தவளை நாலு மணிக்குக் கூப்பிட்டார். அதுவரை தண்ணீர்கூடக் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. ஐந்தரை மணி நேரத்துக்கே இடுப்பு விட்டுப்போயிற்று. அவர் இங்கே ஒன்றரை நாள் இருந்தார். அதிலும் வீட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

பெயரை அடித்துவிட்டதாக மில்லுக்கு ஒரு தாள். என் கடிதத்தின் நகலில் முத்திரை. கூப்பிட்டால் விசாரணைக்கு வர வேண்டும் என்று ஒரு கையெழுத்து. வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய் நெட்வொர்க்கின் பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். மேற்குப் பகுதி இன்னும் மாற்றவில்லை, பழைய மோடம்கள் முந்நூறு இருக்கின்றன என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

தாளைப் பவுல்ராஜண்ணனிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவரும் "நான் கொண்டுபோய்க் குடுத்துர்றேன், நீ எதுக்கு?" என்றார். போக வேண்டியது நான்தான்.

இரண்டு அறை வீடு. கதவில் புதுப் பூட்டு. பரமகுரு, "வாங்க மேடம், வாங்க மேடம்" என்று நாற்காலியைத் துண்டால் துடைத்தார். மில்லுக்கான தாளைக் கொடுத்தேன். வாயை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முகம் அப்படியே விரிந்தது. "மகராசியா இருக்கணும்" என்று என் காலைத் தொடக் குனிந்துவிட்டார். நான் துள்ளிப் பின்னால் நகர்ந்தேன்.

"சார், இன்னொரு தாள் இருக்கு. இதையும் படிங்க."

அதையும் வாயை அசைத்துத்தான் படித்தார். பாதிக்கு மேல் வாய் அசையவில்லை. கடைசி வரியில் வெகுநேரம் நின்றார்.

"மிஷினுன்னு சொன்னீங்களேம்மா" என்றார்.

"சொன்னேன் சார். பொய். நான்தான் குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்ட வேண்டும் என்று நின்றேன். எத்தனை கெட்ட வார்த்தை இருக்கிறதோ அத்தனையும் கேட்டுக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தேன். அவர் சத்தமே போடவில்லை.

"மிஷினு பண்ணுன தப்பு, அதுக்கு என்ன தெரியும், அதுக்கு நம்ம மேல என்ன பகைன்னு எம்பொண்டாட்டிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவளும் சரின்னு தலைய ஆட்டுவா. அப்பிடிச் சொல்லித்தாம்மா ரெண்டு பேரும் சோறு தின்னோம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

உள் அறையிலிருந்து குழறிய குரல் ஒன்று, வார்த்தையை இழுத்து இழுத்து, யார் வந்திருப்பது என்று கேட்டது. அவர் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே கேட்கும்படி சொன்னார்.

"அந்த மிஷினு வந்துருக்கு."